மூடும் முன் விட்ட கை

இன்று காலை பாறசாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் உன் பைக்கின் முன்பிரேக்கிலிருந்து காற்று எடுத்தார்கள். மெக்கானிக்குக் கூடமாட ஆளில்லை. "சேச்சி, இந்த லிவர ஒண்ணு அமுக்கிப் பிடிக்கணும். நான் சொன்ன பொறவு விட்டா போதும்" என்றான். பிடித்தேன். அவன் முன்சக்கரத்துக்கருகில் குந்தியிருந்து பிரேக்கின் அடியிலுள்ள சிறு திருகான நிப்பிளைத் திறந்தான். பழைய பிரேக் ஆயில் பால் சேர்க்காத கட்டன்சாயா நிறத்தில் குழாய் வழியாக இறங்கியது. மீனெண்ணெயும் மருந்தும் கலந்ததுபோல அந்த மணம் மேலே வந்தது. அவன் நிப்பிளை இறுக்கிவிட்டு, "விடுங்கோ" என்றான்.

என் கை விடவில்லை.

"விடுங்கோ சேச்சி" என்று இரண்டாம் முறை சொன்னான். மூன்றாம் முறை எழுந்து நின்று என் முகத்தைப் பார்த்தான். "மூடியாச்சு. இனி விடலாம்." அப்போதும் நான் குனிந்து, நிப்பிள் இறுகியிருக்கிறதா என்று ஸ்பேனரை நானே வாங்கித் திருகிப் பார்த்த பிறகுதான் விரல்களைத் தளர்த்தினேன். அவன் ஸ்பேனரைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வந்து துணி துவைத்தேன், அடுப்படியைக் கழுவினேன், துவைத்த துணியையே இன்னொரு முறை அலசினேன். உள்ளுக்குள் பதறும் வெப்ராளம் அடங்கவில்லை. அதனால் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நர்சிங் படித்த காலத்திலேயே நீ வேறு மாதிரி. நாங்களெல்லாம் தனுவச்சபுரத்தில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கையில் நீ உன் அண்ணனின் பைக்கில் போவாய். அவன் வளைகுடாவுக்குப் போனபோது வண்டியை விற்கச் சொன்னான், நீ விற்கவில்லை. பிறகு இருவருக்கும் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வேலை கிடைத்தது. வாரத்தில் இரண்டு நாள்தான் ஜீப். மற்ற நாட்களில் யாராவது மூத்திரக் குழாய் அடைத்து வேதனைப்பட்டால் பஸ்ஸில் போய், இறங்கி, மலையேறி நடக்க வேண்டும். நீ பைக்கை எடுத்தாய். நான் மருந்துப் பையை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தேன். அம்பூரிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களுக்குள் நாம் நுழையாத வழி இல்லை. சாயாக்கடையில் இருந்தவர்கள் முதல் மாதம் திரும்பிப் பார்த்தார்கள், இரண்டாம் மாதம் கை காட்டினார்கள், மூன்றாம் மாதம் நிறுத்தி, "சிஸ்டரே, எங்க அம்மைக்க பிரஷர ஒண்ணு பாத்துட்டுப் போங்கோ" என்றார்கள்.

வண்டியின் சிறு வேலைகளை நீயே செய்தாய். மலைமேல் நின்றுபோனால் யார் வருவார்கள் என்பாய். பிரேக்கில் காற்று எடுப்பதை எனக்கு நீ விளக்கிய விதம் நினைவிருக்கிறது. "டிரிப் போடும்ப குழாயில உள்ள காத்த நாம எடுக்கல்லியா, அதுதாக்கும் இதும். காத்து அமுங்கும், ஆயிலு அமுங்காது. குழாயில காத்து இருந்தா நீ லிவர எம்புட்டு பிடிச்சாலும் காத்துதான் அமுங்கும். வண்டி நிக்காது." காலாவதியான டிரிப் செட்டின் குழாயை வெட்டித்தான் நிப்பிளில் மாட்டுவாய். உள்ளே ஓடும் குமிழி தெளிவாகத் தெரியும். மறுமுனை ஒரு பழைய இருமல் மருந்துக் குப்பியில், ஆயிலுக்குள் மூழ்கிக் கிடக்கும்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும் என்பதுதான் விஷயம். நான் லிவரை அமுக்கிப் பிடிக்க வேண்டும். நீ நிப்பிளைக் கால் திருகு திறப்பாய். லிவர் கைப்பிடியை நோக்கி இறங்கும், ஆயிலோடு குமிழி வெளியே வரும். நீ மூடுவாய். "விடு" என்பாய். அதன் பிறகுதான் நான் விட வேண்டும். முன்னாலேயே விட்டால் வெளியே வந்த காற்றை அது திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை பெய்த அந்தத் துலாமாதக் காலையில் உன் வீட்டு முற்றத்தில் நாம் செய்துகொண்டிருந்தது அதுதான். முந்தின நாள் சாயங்காலம் கசிந்துகொண்டிருந்த பழைய ஹோஸைக் கழற்றிவிட்டு நெய்யாற்றின்கரையிலிருந்து வாங்கி வந்த புதியதை மாட்டியிருந்தாய். லிவர் பஞ்சு போலக் கிடந்தது. மழை ஒரு அரைமணி நேரம் விட்டிருந்தது. அம்பூரியிலிருந்து ஒரு ரப்பர் பால்வெட்டுக்காரரின் மனைவி ஏழு மணியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் மரத்திலிருந்து விழுந்த கிளை முதுகில் பட்டு மார்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடந்தவர் அவர் கணவர். மூத்திரக் குழாய் அடைத்து, வயிறு வீங்கி, வியர்த்துக் கொட்டுகிறது என்றார். மூத்திரம் அடைத்தால் அப்படிப்பட்டவருக்கு ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறும் என்று நம் இருவருக்கும் தெரியும்.

கடைசி முறைகளில் ஒன்று. நான் லிவரைப் பிடித்திருந்தேன், நீ நிப்பிளைத் திறந்திருந்தாய். என் போன் அடித்தது. அந்த சேச்சிதான் என்று எனக்குத் தெரியும். இடது கையால் எடுத்தேன். அவர் அலறிய அலறலில் என் வலது கை தளர்ந்துவிட்டது. ஒரு நொடி இருக்கும். உடனே மறுபடி அமுக்கினேன்.

நீ தலையைத் தூக்காமல் கேட்டாய். "விட்டியோ?"

"இல்ல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். மறுபடி முதலிலிருந்து தொடங்குவாய், பத்து நிமிடம் போகும் என்று பயந்தேன். வாங்கி வைத்த ஆயிலும் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. அதோடு, நீ ஏசுவாய் என்பதும் உண்டு. முப்பத்தெட்டு வயதில் உன் ஏச்சுக்குப் பயந்து ஒரு பொய் சொன்னேன்.

நீ நிப்பிளை மூடினாய். எழுந்து லிவரை நாலைந்து முறை அடித்துப் பார்த்தாய். கெட்டியாக நின்றது. "சரி, போலாம்" என்றாய். என்னைத் தனுவச்சபுரத்தில் ஒரு புண் கட்டுவதற்கு இறக்கிவிட்டு, நீ தனியாக அம்பூரிக்குப் போனாய்.

ஏறும்போது பிரேக்குக்கு வேலையில்லை. போய், அவருக்குக் குழாய் மாற்றி, அழுத்தம் இறங்கும்வரை பக்கத்திலிருந்து, பிறகு இறங்கியிருக்கிறாய். இறக்கத்தில் பிடித்துப் பிடித்துச் சூடேறி உள்ளிருந்த காற்று விரிந்து, மூன்றாம் வளைவில் லிவர் கைப்பிடியோடு ஒட்டிவிட்டது. பின்பிரேக்கை மிதித்தாய். மழைச்சேற்றில் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்கியது. நீ வண்டியை இடதுபக்க மண்திட்டில் சாய்த்தாய். வலதுபக்கம் பள்ளம். எந்தப் பக்கம் விழுவது என்று அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்க உன்னால் முடிந்திருக்கிறது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. வண்டியை எடுக்கப் போனபோது கைப்பிடி வரை தொய்ந்த லிவரை நான் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்கருகில் உன் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் இருந்தார்கள். எல்லாரிடமும் நீ ஒரே பதிலைச் சொன்னாய். "மழையில்லியா, வழுக்கிச்சு." என்னைப் பார்த்தும் அதையே சொன்னாய். அவர்கள் எல்லாரும் வெளியே போன ஒரு கால் மணி நேரம் நாம் இருவரும் மட்டும் இருந்தோம். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அதைத் தவிர ஒன்றும் செய்யவில்லை.

மணிக்கட்டு கூடியது, ஆனால் வலு திரும்பவில்லை. லிவரைப் பிடிக்க உன்னால் ஆகவில்லை. "நீ ஓட்டு, நான் பொறத்த இருக்கேன்" என்று எனக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தந்தாய். பின்னால் உட்கார்ந்து என் தோளில் இடது கையை வைத்துக்கொண்டு, "பைய, பைய, வளவு வருது" என்பாய். அந்த மூன்றாம் வளைவில் மட்டும் நீ பேச மாட்டாய். நானும் பேச மாட்டேன். இரண்டு வருடம் அப்படித்தான் அந்த வளைவைக் கடந்தோம். ஒவ்வொரு நாள் காலையிலும் இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்துக் கிளம்புவேன். அம்பூரி வருவதற்குள் ஏதாவது ஒரு நோயாளியைப் பற்றிப் பேச்சு வந்துவிடும். சாயங்காலம் வீட்டில் மகள் கேட்பாள், ஏன் எப்பவும் எரிஞ்சு விழுறே என்று. அம்மாவுக்கு வேலைக் களைப்பு என்று கணவர் அவளுக்குப் பதில் சொல்வார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. பிரேக் ஆயில் மாற்றும் காலம் வந்திருந்தது. இந்த முறை நான் கீழே, நீ மேலே. வண்டிக்கு முன்னால் நின்று இடது கையால் லிவரை அமுக்கினாய். நான் நிப்பிளைத் திறந்தேன். குமிழி ஒன்று வெளியே வந்து குழாயின் நடுவில் நின்றது.

"குழாயப் பாரு" என்றாய். நான் மூடுவதற்குள் லிவரை விட்டுவிட்டாய்.

நடுவில் நின்ற குமிழி என் கண் முன்னால் சட்டென்று மேலே ஏறி நிப்பிளுக்குள் மறைந்தது.

"பாத்தியோ?" என்றாய். "அன்னைக்கும் இப்படித்தான் ஏறிச்சு."

ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. "நீ அறிஞ்சியோ?"

"குழாய்க்க முன்னால இருந்தது நானாக்கும். எனக்கு எப்படி தெரியாம இருக்கும்?"

"பின்ன எதுக்கு கேட்ட? பின்ன எதுக்கு போன?"

நீ லிவரை இடது கையால் துடைத்தாய். பிறகு சொன்னாய். "அந்த சேச்சி போனுல அழுது கரையுது. எனக்கும் போகணும்னு இருந்துது. நீ விட்டேன்னு சொல்லியிருந்தா நான் காத்த திரும்ப எடுத்திருக்கணும். நீ இல்லன்னு சொன்னது எனக்கு சௌகரியமாட்டு இருந்துது, மக்கா. பொய் சொன்னது நீ. நம்பின மாதிரி போனது நானாக்கும்."

அதை நீ இதமாகத்தான் சொன்னாய். என் பாரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளத்தான் சொன்னாய் என்று இப்போது தெரிகிறது. அன்று எனக்கு வந்தது கோபம். இரண்டு வருடம், ஒவ்வொரு நாளும், என் தோளில் கையை வைத்துக்கொண்டு நீ இதை அறிந்திருந்தாய்.

"ரெண்டு வருஷம் என்னைய வேக விட்டுப் பாத்தியோடி?" என்றேன். "சோதிச்சியோ?"

"இல்ல. எனக்கும் பயமாக்கும். நீ சொன்னா நானும் சொல்லணுமில்லியா."

நான் ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தேன். குழாய் நிப்பிளில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. நீ பின்னால் கூப்பிட்டாய், "எடி, இத முடிச்சிட்டுப் போ." நான் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன்.

அதன் பிறகு நடந்ததை எழுதுவது கடினம். ஆனால் இதை எழுதாமல் மற்றதை எழுதிப் பயனில்லை. ஒன்பது நாள் நான் உன்னிடம் பேசவில்லை. ஜீப் நாட்களில் மட்டும் வேலைக்குப் போனேன், அதுவும் வேறு வழித்தடத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டு. ஆறாம் நாள் உன் குரல் செய்தி வந்தது. "எடி, டிரெஸிங் பேக்கு இங்கதான் கிடக்கு. நீ வரல்லன்னா நான் கொண்டு வாறேன். எனக்கு ரெண்டு நாளாட்டு மேலு வேதனை. கெண்டைக்காலு நல்லா வலிக்குது. ஒரு காச்சலும் உண்டு."

ஜூனில் பெய்யும் இடவப்பாதி மழை, வயலும் ஓடையும் நிறைந்து கிடக்கிற நேரம், காய்ச்சல், கெண்டைக்கால் வலி. இந்த மூன்றையும் சேர்த்து வீடு வீடாகப் போய் ஜனங்களிடம் சொன்னவர்கள் நாம். இது எலிப்பனி, எலி மூத்திரத்தால் வரும் காய்ச்சல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று நான் எத்தனை பேரை அதட்டியிருக்கிறேன். உன் குரலில் அதைக் கேட்டபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இவள் என்னைச் சமாதானப்படுத்த உடம்பைக் காரணம் சொல்கிறாள். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அவளும் நர்சுதானே, அவளுக்கே தெரிந்திருக்க வேண்டாமா என்று பிறகு பலரும் உன் அம்மாவிடம் கேட்டார்கள். நம்மைப் போன்றவர்கள் தங்கள் உடம்பைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் உன் அம்மா கூப்பிட்டார். கண் சிவந்து, தோல் மஞ்சளித்துக் கிடக்கிறாய் என்றார். நான் வந்தபோது உன்னை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தாய். "பிரேக்க நான் ஒருத்தியாட்டு முடிச்சிட்டேன் கேட்டியா" என்றாய். அதுதான் என்னிடம் நீ சொன்ன கடைசிப் பேச்சு. பிறகு நாலு நாள் நீ பேசும் நிலையில் இல்லை. ஐந்தாம் நாள் நீயே இல்லை.

ஒரு கையால் லிவரையும் மற்றதால் நிப்பிளையும், அதுவும் அந்த மணிக்கட்டை வைத்துக்கொண்டு எப்படிச் செய்தாய் என்று பல நாள் யோசித்தேன். லிவரை அமுக்கிக் கயிற்றால் கைப்பிடியோடு கட்டிவிட்டு, கீழே வந்து திறந்து மூடி, எழுந்து போய் அவிழ்த்து, மறுபடி கட்டியிருப்பாய். காய்ச்சலோடு.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு நான் உன் அம்மாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அன்று காலையில் லிவரை விட்டதையும், இல்லையென்றதையும், குரல் செய்தியையும். "அம்மா, அவ கெண்டைக்காலு வலிக்குதுன்னு சொன்னா. நான் கோபத்துல விட்டுட்டேன்." என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

"எனக்கிட்டயும் சொன்னா மக்களே" என்றார். "நான் சுக்கு தட்டிப் போட்டுக் குடுத்தேன்."

இருவரும் அழுதோம். மறுவாரம் அவர் வண்டியின் சாவியைக் கொடுத்தனுப்பினார்.

அவரிடம் சொல்லிவிட்டதால் எல்லாம் இறங்கிவிட்டது என்று நினைக்காதே. இறங்கவில்லை. புதிதாக ஒரு தொல்லை வந்து ஒட்டிக்கொண்டது. எதையாவது சரியாகச் செய்தேனா என்ற சந்தேகம் வந்தால் என்னால் அடுத்த அடி எடுத்து வைக்க முடிவதில்லை. நேற்றும் அதுதான் நடந்தது. மலைமேல் ஒரு வீட்டில் புற்றுநோயோடு கிடக்கும் ஒரு அம்மையை மகள் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள். குழாய் மாற்றி, பையை இணைத்து, வலி கூடியிருக்கிறது, மருந்தின் அளவைக் கூட்டும்படி டாக்டரிடம் கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுதிவிட்டு இறங்கினேன். பாதி வழியில் நினைவு வந்தது, மூத்திரப் பையின் குழாயிலுள்ள கிளிப்பைத் திறந்தேனா? போனில் சிக்னல் இல்லை. வண்டியைத் திருப்பினேன். மழையில் அத்தனை ஏற்றமும் மறுபடி ஏறினேன்.

கிளிப் திறந்துதான் இருந்தது. பை நிறைந்துகொண்டிருந்தது. மகள் வாசலில் வந்து நின்று, "எதுக்கு சிஸ்டரே திரும்பி வந்தது?" என்றாள். குடையை மறந்துவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. நீ இருந்த காலத்தில் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

"கிளிப்ப திறந்தேனான்னு எனக்கு நிச்சயமில்ல" என்றேன். "அடச்சு வச்சிட்டுப் போயிருந்தா அம்மைக்கு ரொம்ப வேதனை வந்திருக்கும். அதான் பாக்க வந்தேன்."

அவள் உள்ளே போனாள். கட்டன்சாயா போடுகிறாள் என்று நினைத்தேன். வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

"சிஸ்டரே, நான் ஒரு காரியம் சொல்லட்டா? ஒரு வாரமாட்டு ராத்திரி உள்ள மருந்த நான் குடுக்கல்ல. உக்காந்த இடத்துலயே உறங்கிப் போறேன். எழும்பும்ப நேரம் வெளுத்துப் போவுது. அம்மைக்கு வலி கூடினது அதுனாலயாக்கும். நீங்க கேட்டப்ப குடுத்தேன்னு சொல்லிட்டேன்."

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அளவு கூடியிருக்கும். ஏதாவதொரு ராத்திரி அவள் உறங்காமல் விழித்திருந்து, கூட்டிய அளவை முழுதாகக் கொடுத்திருப்பாள். அந்த அம்மை எழுந்திருக்கவே மாட்டார்.

நோட்டை வாங்கி, எழுதியதை அடித்தேன். அவள் பயந்துபோய், "டாக்டர் ஏசுவாரோ?" என்றாள்.

"ஏசட்டு" என்றேன். "நானும் சரியா விசாரிக்காம எழுதினவதான். நாளைக்கழிஞ்சு அவரு வரும்ப நானும் நிப்பேன். ரெண்டு பேருமாட்டு சொல்லுவோம்."

சொன்ன பிறகுதான் அது யாரிடம் சொல்ல வேண்டிய பேச்சு என்று எனக்கு உறைத்தது. அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலருகில், ஆரஞ்சுத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்லியிருக்கலாம். நீயும் சொல்லியிருப்பாய்.

இறங்கும் வழியில் லிவர் கொஞ்சம் மெத்தென்று இருப்பதுபோலத் தோன்றியது. உண்மையா, என் மனமா என்று தெரியவில்லை. அதனால்தான் இன்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நாளைக் காலை டாக்டர் அந்த வீட்டுக்கு வரும்போது, அந்த அம்மையின் மகளும் நானும் அவர் முன்னால் நிற்கிறோம். அவள் பேசத் திணறினால் முதலில் நான் தொடங்குவேன்.